சீமாட்டியும் தொரையும்

ஜூன் 9, திங்கள்

வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்க்கும் நர்ஸ் வனஜா இன்று ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன், காய்ச்சல் உண்டா என்று தினமும் எழுத வேண்டுமாம். "எதையும் விட்டுறாதீங்கக்கா. விட்டா எனக்குத் தெரிஞ்சுரும்" என்றார்.

காலை இரண்டு இட்லி. மதியம் ரசம் சாதம், பாதியை ஒதுக்கிவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினேன். காய்ச்சல் இல்லை.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுதான் கூட்டி வந்தோம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி வராது என்று பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்காரரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மே 24ஆம் தேதி ஏரிக்கரையில் குதிரை தள்ளிவிட்டது. மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நோட்டில் இடம் நிறைய இருக்கிறது. அதனால் இதையும் எழுதுகிறேன். வனஜாவுக்குச் சாப்பாடு, காய்ச்சல் வரிகளை மட்டும் வாசித்துக் காட்டினால் போதும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரையில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். அவர் பெயர் சவரிமுத்து. நான் ஜெசிந்தா. பிள்ளை இல்லை. இரண்டு குதிரைகள். வெள்ளைக் குதிரை தொரை, வயதானவன், மகா சோம்பேறி. மூன்று சுற்றுக்கு மேல் போனால் நொண்டத் தொடங்கிவிடுவான். ஏறி உட்கார்ந்தவர்கள் பாவப்பட்டு இறங்கிக்கொள்வார்கள். வீட்டுப் பக்கம் திருப்பினால் நொண்டல் இருக்காது. ஒரு தடவை வலது காலில் நொண்டிக்கொண்டு வந்தவன், பாதி வழியில் மறந்துபோய் இடது காலில் நொண்டினான். அவர் நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தார்.

இன்னொன்று சீமாட்டி. செவலை நிறப் பெட்டைக் குதிரை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

இட்லி இரண்டு. இடது, வலது, இடது, வலது. காய்ச்சல் இல்லை. கொள்ளு வேகவைத்துத் தொரைக்கும் அதற்கும் வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

கஞ்சி ஒரு டம்ளர். முட்டை வேண்டாம் என்றார்.

அவருடைய தம்பி ஆல்பர்ட் வந்திருந்தார். ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"அண்ணி, குதிரை ஸ்டாண்டுல எல்லாரும் ஒரே பேச்சா இருக்காங்க. ஓனரையே தள்ளிவிட்ட குதிரை, இனிமே அதுல யாரு பிள்ளைய ஏத்துவாங்கன்னு கேக்குறாங்க. யாருக்காவது குடுத்துருவோம். நான் ஆள் பாக்குறேன்."

நான் தலையாட்டினேன். கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"டேய் ஆல்பர்ட்டு. அவ தள்ளல."

"பின்ன எப்படிண்ணே விழுந்த?"

"விழுந்தேன்டா. அவ்வளவுதான்" என்றார்.

நான் டீ போடப் போய்விட்டேன்.

ஜூன் 16, திங்கள்

இன்று நன்றாகச் சாப்பிட்டார். மூன்று சப்பாத்தி, உருளைக்கிழங்கு. முதுகில் ஒரு இடம் சிவந்திருக்கிறது. வனஜா மருந்து போட்டுவிட்டார்.

சீமாட்டியை ஜன்னல் பக்கம் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். அது ஜன்னலுக்குள் தலையை நீட்டி அவர் கழுத்தை நக்கியது. வேர்வை உப்புக்காக எப்போதும் அப்படிச் செய்யும். வனஜா பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு ஒரே உற்சாகம்.

"பயப்படாதீங்க சிஸ்டர். இவளுக்கு ரெண்டே ரெண்டுதான் ஆகாது. ஒண்ணு குடை. யாராச்சும் குடைய விரிச்சா, பின்னாடி சுவரு இடிக்கிற வரைக்கும் பின்னாலயே போவா. இன்னொண்ணு, வளைவுல மக்காச்சோளம் விக்கிற அம்மாவக் கண்டுக்காமப் போறது. ஒரு தோகையாச்சும் குடுக்கணும். குடுக்கலன்னா நகரமாட்டா."

பிறகு அந்தப் புதுப்பெண் கதையைச் சொன்னார். கல்யாணமாகி நாலே நாள். புருஷன் தள்ளி நின்று போட்டோ எடுக்கிறான். அவள் சீமாட்டியின் கழுத்தில் கைவைத்து நிற்கிறாள். சீமாட்டி மெதுவாகத் தலையைத் திருப்பி அவள் கொண்டையிலிருந்த மல்லிகைப் பூ முழுவதையும் உருவித் தின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அப்போது தெரியவே இல்லை. போட்டோ பார்த்த பிறகுதான் தெரிந்தது.

வனஜா சிரித்த சிரிப்பில் அவருக்கும் பேச்சு நிற்கவில்லை.

"சேணம் கட்டுறப்போ பாக்கணும் நீங்க. வயித்துப் பட்டைய எடுத்தாலே போதும், மூச்ச இழுத்து வயித்த ஊதிக்குவா. நாம இறுக்கிக் கட்டிட்டோம்னு நெனப்போம். பத்து அடி நடக்கவிட்டா மூச்ச விட்டுருவா. பட்டைக்குள்ள கையே போகும். அப்புறம் இன்னொரு தடவை இழுத்துக் கட்டணும். அந்தப் பத்து அடியிலதான் இருக்கு எல்லாம்."

அங்கே நிறுத்திக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

கொடியில் துணி காய்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். துணி எல்லாம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

ஜூன் 18, புதன்

மதியம் மாத்திரை கொடுத்ததும் தூங்கிவிட்டார். அந்த நேரத்தில் ஆல்பர்ட், திண்டுக்கல்லிலிருந்து தாவூத் பாயைக் கூட்டி வந்தார். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். நல்ல மனிதராகத் தெரிந்தார். பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். "என்னாத்துக்கும்மா குடுக்குறீங்க?" என்று கேட்டார். தள்ளிவிட்டது என்று சொன்னேன். "இந்தப் புள்ளையா?" என்றார்.

வேனில் ஏற அது அடம்பிடிக்கும் என்று பயந்தோம். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினேன். பின்னாலேயே ஏறிவிட்டது. அதன் முகத்தை நான் பார்க்கவில்லை.

விழித்ததும் அவரிடம், சீமாட்டியை அட்டுவம்பட்டியில் ஆல்பர்ட் கொட்டகையில் விட்டிருக்கிறோம், அங்கே புல் நிறைய இருக்கிறது என்றேன். "சரி" என்றார்.

இரவுச் சாப்பாடு ஒரு தோசை.

ஜூன் 20, வெள்ளி

பொங்கல் அரைத்தட்டு. அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

இட்லி ஒன்றரை. முதுகுப் புண் கொஞ்சம் ஆறியிருக்கிறது.

லாயத்தில் தொரை தன் பாதியில் மட்டும்தான் நிற்கிறான். மறுபாதி முழுக்கக் காலியாக இருக்கிறது. அங்கே போகவே மாட்டேன் என்கிறான். ரோட்டில் வேன் போனால் கனைக்கிறான். கொள்ளு வைத்தால் வாயை வைக்காமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

சும்மா கட்டிப்போட்டு வைத்திருக்க முடியாது என்று இன்று நானே ஏரிக்கு ஓட்டிப் போனேன். ஐந்து சுற்று போனான். ஒரு தடவைகூட நொண்டவில்லை. இதை நல்ல செய்தியாக நினைத்து அவரிடம் வந்து சொன்னேன்.

"நொண்டலையா?" என்றார்.

"இல்லங்க. அஞ்சு சுத்தும் ஒழுங்கா வந்தான்."

"கொஞ்சம்கூட நொண்டலையா?"

பிறகு போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

ஜூலை 2, புதன்

காய்ச்சல் 102. சிறுநீர்க் குழாயில் கிருமி என்று வனஜா சொன்னார். டாக்டரிடம் போனில் பேசி ஊசி மாற்றினார். கஞ்சி நாலு ஸ்பூன்.

"அவளக் கூட்டிட்டு வா ஜெசி. ஜன்னல்கிட்ட வந்து நிக்கட்டும்" என்றார். நாளைக்கு என்றேன்.

ஜூலை 3, வியாழன்

101. கஞ்சி ஆறு ஸ்பூன். நாளைக்கு என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

100. மழை பெய்வதால் கூட்டி வர முடியாது என்றேன். மழை பெய்யவில்லை. ஜன்னல் வழியாக அவருக்கும் அது தெரியும்.

ஜூலை 5, சனி

காய்ச்சல் இறங்கிவிட்டது. இரண்டு இட்லி.

இதை எழுதியே ஆகவேண்டும். மே 24 காலை ஏரிக்கரையில் ஏகப்பட்ட கூட்டம். அவர் தொரையோடு ஒரு சுற்றுப் போயிருந்தார். நான் சீமாட்டிக்குச் சேணம் வைத்துக்கொண்டிருந்தேன். பட்டையை இழுத்துக் கட்டியபோது போன் அடித்தது. என் தங்கை. புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் தேதி சொல்ல அழைத்திருந்தாள். பேசி முடித்தபோது அவர் திரும்பி வந்திருந்தார். ஒரு குழந்தை ஏறப் பயந்து அழுதது. "இங்க பாரு, மாமா போயிட்டு வர்றேன்" என்று சொல்லி அவரே சீமாட்டி மேல் ஏறி வேகமாக விட்டார். பத்து அடி நடக்கவிடவும் இல்லை, மறுபடி இழுத்துக் கட்டவும் இல்லை. நான்தான் கட்டியது. வளைவில் சேணம் அப்படியே ஒரு பக்கமாகச் சுழன்றது. அவர் முதுகு கைப்பிடிச் சுவரில் மோதியது.

நான் ஓடிப் போனபோது சேணம் சீமாட்டியின் வயிற்றுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு குதிரையாக இருந்தால் மிரண்டு ஓடியிருக்கும். ஓடியிருந்தால் அவரை மிதித்திருக்கும். அவள் நான்கு காலையும் ஊன்றி அசையாமல் நின்றாள். உடம்பு முழுவதும் நடுங்கியது. ஆனால் ஒரு காலைக்கூட எடுத்து வைக்கவில்லை. கூட்டம் சேர்வதற்குள் நான் பட்டையை அவிழ்த்துச் சேணத்தைக் கீழே போட்டேன். அவளுக்கு வலிக்குமே என்று அவிழ்த்ததாகத்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் மேலே கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் ஜெசி. ஏறி உக்காந்ததுமே தெரிஞ்சுது. சேணம் ஆடுச்சு. எறங்கிக் கட்டியிருக்கணும். அந்தப் பிள்ளை பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு சின்ன சுத்துதானேன்னு விட்டுட்டேன்."

"பின்ன ஏங்க இத்தன நாளா சொல்லல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன்."

நான் அழுதேன். அவர் கையை நீட்டி என் தலையில் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மற்றதையும் சொன்னேன். அட்டுவம்பட்டியில் அவள் இல்லை, தாவூத் பாயிடம் விற்றுவிட்டோம் என்று.

கையை எடுத்துக்கொண்டார்.

"போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

ஜூலை 7, திங்கள்

ஆல்பர்ட்டை அவர் பக்கத்தில் இருத்திவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். பாய் கொடுத்திருந்த பணத்தை அப்படியே துணியில் முடிந்து எடுத்துக்கொண்டேன். வத்தலக்குண்டில் பஸ் மாற இறங்கும்போதே வெயில் மண்டையைப் பிளந்தது. மலைக்கு வந்த பிறகு அவள் இப்படி ஒரு வெயிலில் நின்றிருப்பாளா என்று நினைத்தேன். ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

பாய் வீட்டு வாசலில் இரண்டு குதிரைகள் நின்றன. இரண்டும் வெள்ளை. என்னைப் பார்த்ததும் பாய் எழுந்துகொண்டார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எட்டு நாள் ஆச்சும்மா. வயித்து வலி. காலையில தீனி எடுக்கல. படுக்குது, எந்திரிக்குது, திரும்பித் திரும்பி வயித்தையே பாக்குது. டாக்டரக் கூட்டியாந்து ரெண்டு ஊசி போட்டோம். மூக்கு வழியா குழாய் விட்டுப் பாத்தாரு. சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள உசுரு போயிருச்சு." துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே, "போன் பண்ணணும்னு கையில எடுத்தேன். உங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு ஆளு படுத்திருக்காரு. மனசு வரல" என்றார்.

அவர் மனைவி மைமூன் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடிக்க முடியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு காலி நிலத்துக்குப் பாய் கூட்டிப் போனார். குழியை மூடியிருந்த மண் இன்னும் புதிதாகவே இருந்தது. நான் அங்கே என்ன செய்தேன் என்று நினைவில்லை. சுற்றிலும் வெயில்தான் இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது, அவள் அங்கே நன்றாக இருக்கிறாள், ஊர்வலத்தில் போகிறாள், பாய் தர மறுத்துவிட்டார் என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். காட்ரோடு தாண்டியதிலிருந்து அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெருமாள்மலையில் குளிர் காற்று உள்ளே வந்தது. ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இனி அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்ல என்னால் முடியாது.

ஜூலை 8, செவ்வாய்

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த உடனே சொல்லிவிட்டேன். பஸ் வரும் பாதையைப் பார்க்கிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தார். நான் தனியாக நடந்து வருவதைப் பார்த்திருக்கிறார்.

முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்.

"பட்டை விஷயம் வேற ஜெசி. அது கை மறந்தது. எனக்கும் அதுல பங்கு இருக்கு. ஆனா அவள வித்தது நீ."

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

காலை ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜூலை 9, புதன்

கஞ்சி ஒரு டம்ளர், வனஜா கொடுத்தால்தான்.

ஜூலை 11, வெள்ளி

திருப்பிப் படுக்கவைத்தால் மறுக்கவில்லை. உடம்பைத் துடைத்தால் மறுக்கவில்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டுகிறார். வனஜா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "என்னக்கா ஆச்சு?" என்றார். கால் இனி வராது என்பது தெரிந்துவிட்டது போல என்றேன். அதுவும் உண்மைதான். அதை அவரிடம் யாரும் சொல்லத் தேவையே வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

எட்டு நாள் கழித்து இன்று ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியில பக்கத்துல யாரு இருந்தா?"

பாயின் மனைவி என்றேன். ஈரச் சாக்கை அவள் மேல் போட்டு, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். எழுந்து போனால் கனைத்ததாம், அதனால் எழவே இல்லையாம். போகிற சமயத்தில் அந்த அம்மாவின் கழுத்தை நக்கினாளாம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கப் போனேன். "விடு" என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு, தொரையை ஏரிக்கு ஓட்டிப் போனேன். மூன்று வாரமாக நான் குதிரை ஸ்டாண்டு பக்கமே போகவில்லை. கரூரிலிருந்து வந்த ஒருவர் தன் மகளை ஏற்றச் சொன்னார். ஏழு வயது இருக்கும். ஏற்றி உட்காரவைத்தேன். அவருக்கு ஒரு சந்தேகம்.

"ஏம்மா, குதிரை தள்ளிவிட்டு இங்க ஒருத்தருக்கு இடுப்பு போயிருச்சாமே. கடையில சொன்னாங்க."

ஸ்டாண்டில் எல்லோருக்கும் பெரியவர் மிக்கேல் அண்ணன். அவர் எனக்காகப் பதில் சொன்னார். "அது வேற குதிரை சார். கிறுக்குப் பிடிச்ச குதிரை. அத அப்பவே ஊரவிட்டு அனுப்பியாச்சு. இவன் சாது."

எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். ஆல்பர்ட் தன் சைக்கிள் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"அவளுக்குக் கிறுக்கு இல்லண்ணே. அவ தள்ளல. நான் பட்டைய ஒழுங்கா இறுக்கிக் கட்டல. சேணம் சரிஞ்சுதான் எங்க வீட்டுக்காரரு விழுந்தாரு. சேணம் வயித்துல தொங்கிட்டு இருந்தும் அவர மிதிக்காம நின்னா. அத நான் மட்டும்தான் பாத்தேன். பாத்துட்டு, வாயத் தெறக்காம இருந்துட்டேன். இப்ப அவ உசுரோட இல்ல."

கரூர்க்காரர் தன் மகளை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே இறக்கினார். கூட்டிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மிக்கேல் அண்ணன் வெகு நேரம் தொரையின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார். "பாவம், அந்தப் பிள்ளைய என்னென்ன பேசிட்டோம்" என்று மட்டும் சொன்னார். ஆல்பர்ட் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இன்று என்னிடம் யாரும் குதிரை ஏற வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று ஆல்பர்ட் வந்து அண்ணனிடம் ஸ்டாண்டில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். நான் அப்போது கடைக்குப் போயிருந்தேன். வந்தபோது ஆல்பர்ட் கண் சிவந்திருந்தது. "நான்தான் அண்ணி பாயக் கூட்டியாந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை இட்லி இரண்டு. என் கையாலேயே வாங்கிச் சாப்பிட்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தலையணையைச் சரிசெய்ய வந்தேன்.

"உனக்கு ஒண்ணு தெரியாது" என்றார்.

"என்னங்க?"

"அந்தியூர்ச் சந்தைக்கு நான் குதிரை வாங்கப் போனேனே, பதினோரு வருஷம் முன்னாடி. நீ ஒரு சீட்டுல எழுதிக் குடுத்த. ஆண் குதிரை, நாலு வயசு, கறுப்பா இருந்தா நல்லதுன்னு."

"ஆமா. கறுப்புக் குதிரையே சந்தைக்கு வரலன்னு வந்து சொன்னீங்க."

"நெறைய வந்துச்சு. ஒண்ணு பிரமாதமா இருந்துச்சு. வெல பேச சட்டைப் பையில இருந்து சீட்டை எடுத்தேன். பின்னாடி இருந்து ஒரு மூஞ்சி வந்துச்சு. சீட்டை வாங்கி, நல்லா மென்னு தின்னுட்டு, இன்னும் இருக்கான்னு பையைப் பாத்துச்சு. ரெண்டு வயசுக் குட்டி. அதுக்கப்புறம் நான் எங்க கறுப்பப் பாக்குறது?" சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "உங்கிட்ட பொய்தான் சொன்னேன் ஜெசி. பதினோரு வருஷமா சொல்லல."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். "அப்புறம்?" என்றேன்.

அப்புறம் அந்தக் குட்டியை லாரியில் ஏற்றியது, வழி முழுவதும் அது அவர் சட்டைக் காலரை விடாமல் கடித்துக்கொண்டு வந்தது, மலை ஏறும்போது முதல் குளிர் பட்டதும் அவர் சட்டைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. அவரால் எழுந்திருக்க முடியாது. நான் எழுந்திருக்கவில்லை.